உப்புக்கு பில் போடாத சேவை: திருப்பூர் சாயநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எப்படி?

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துபவர் சாயம், சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் காரமான சோடா ஆஷ், விறகு, லாரி, வங்கி என்று எதை வேண்டுமானாலும் வேறு ஆளிடம் மாற்றிக்கொள்ளலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் மாற்ற முடியாது. பட்டறையின் பைப் எந்த நிலையத்துக்குப் போகிறதோ, அந்த நிலையம் போடும் பில்லைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஊரில் சிஇடிபி என்று சொல்லும் இந்த நிலையங்கள் மொத்தம் 18. ஒவ்வொன்றும் தனிக் கம்பெனி. பங்குதாரர்கள் எல்லாரும் அந்தப் பகுதிச் சாயப்பட்டறைக்காரர்கள். அதாவது சந்தையில் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டுபவர்கள் சேர்ந்து நடத்தும் சேவை இது. சேவையின் நல்லது கெட்டது இரண்டுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தண்ணீரை மீட்பதில் ஐந்துக்கு நாலரை. உப்பை மீட்பதில் இரண்டு. பில் போடும் முறையில் ஒன்று. அந்த ஒன்றும் மீட்டர் ஒழுங்காக ஓடுவதற்காக.

ஏன் இப்படி ஒரு சேவை தேவைப்பட்டது என்பது ஊருக்குத் தெரிந்த கதை. பாசனத்துக்கென்று 1992ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் வேண்டிய தண்ணீர் நிற்கவில்லை, சாயத்தண்ணீர்தான் நின்றது. நொய்யல் பாசன விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத நிலைக்கு வரக் கெடு வைத்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொன்னபடி நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் மொத்தப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. அதன்பிறகு மாநில அரசு கொடுத்த வட்டியில்லாக் கடனோடு நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சீரமைந்து திறந்தன. இன்றைய சேவையின் வடிவம் அப்போது வந்தது.

சொட்டு நீரும் வெளியேறக் கூடாது என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் சாயத்தின் நிறம் அல்ல, உப்பு. நிறத்தைச் சுண்ணாம்பும் குளோரினும் போட்டே எடுத்துவிடலாம். பருத்தியும் அதற்குப் போடும் ரியாக்டிவ் வகைச் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளும்; உப்புப் போட்டால்தான் சாயம் நூலில் ஏறும். ஏறிய பிறகு உப்புக்குத் துணியில் வேலை இல்லை, அத்தனையும் சாக்கடைக்கு வரும். வழக்கமான சுத்திகரிப்பில் கரைந்த உப்பு ஒரு கிராம்கூடக் குறையாது. வெளியே விடலாம் என்ற வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். பட்டறையிலிருந்து வருவது 5,000 முதல் 10,000 வரை. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் நொய்யலில் கலந்து கரைக்கத் தண்ணீரே கிடையாது.

நிலையத்துக்குள் என்ன நடக்கிறது

உள்ளே வரும் நீரை முதலில் பெரிய தொட்டியில் தேக்கிக் கலக்குகிறார்கள். ஒரு பட்டறை கறுப்புப் போட்டிருக்கும், இன்னொன்று வெள்ளை வெளுத்திருக்கும். எல்லாம் கலந்து ஒரே சீரான நீரானால்தான் அடுத்த கட்டம் தாங்கும். சூடும் இங்கேயே இறங்க வேண்டும். 40 டிகிரிக்கு மேல் போனால் அடுத்த தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். பிறகு அமிலம் விட்டுக் காரத்தைக் குறைத்து, காற்றடித்து உயிரிமுறைச் சுத்திகரிப்பு, படிவுத் தொட்டி, நிறநீக்கம், மணல் வடிகட்டி, ரெசின், கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்டனர், நுண்சவ்வு வடிகட்டி. இவ்வளவும் முடிந்துதான், நீரைச் சவ்வில் அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. அதுவும் ஒரே கட்டம் அல்ல. மூன்று, நான்கு கட்டம், கடைசிக் கட்டத்தில் கடல்நீருக்குப் போடும் வகைச் சவ்வு.

ஆர்.ஓ. வரைக்கும் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 7,000 டிடிஎஸ்ஸில், அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் கரைந்த உப்போடு, உள்ளே போகும் நீரைக் கழிவுப் பக்கம் 60,000 வரை கெட்டியாக்கினால் 88 சதவீதத் தண்ணீர் இங்கேயே திரும்பிவிடும். மிச்சத்தை ஆவியாக்கிக் குளிரவைத்து வரும் நீரும் சேர்ந்தால் 95ஐத் தாண்டும். பட்டறைக்குத் திரும்பி வரும் இந்த நீர் ஊர் போர்வெல் தண்ணீரைவிடச் சாயத்துக்கு நல்லது. கடினத்தன்மை இல்லை, இரும்பு இல்லை, ஒரு தடவை சாயம் போடும் துணியான லாட்டுக்கு லாட் ஷேடு, அதாவது நிறச்சாயல், மாறாது. லாரித் தண்ணீரை நம்பிய காலத்தோடு ஒப்பிட்டால் இதை ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்ல வேண்டும்.

ஆர்.ஓ. கெடுவதற்குப் பெரும்பாலும் உறுப்பினர்களே காரணம். துணியை மெதுவாக்க ஃபினிஷிங்கில் போடும் கேட்டயானிக் சாஃப்ட்னரின் வடிகால் நேராகக் கழிவுக் குழாயில் சேர்ந்தால் அது சவ்வில் பசையாக ஒட்டிக்கொள்ளும், எந்த ரசாயனம் விட்டுக் கழுவினாலும் முழுதாகப் போகாது. நுரை அடக்கப் போடும் சிலிக்கான் எண்ணெயும் அப்படியே. பின்னல் எண்ணெய், பஞ்சுத் துகள் இரண்டும் முன்வடிகட்டியை அடைக்கும். உப்புப் போடாமல் சாயம் ஏற்றும் கோல்ட் பேட் பேட்ச் முறையில் சாயம் போடுகிறவர் சோடியம் சிலிகேட்டைக் காரமாகப் போட்டால் அதன் சிலிக்கா சவ்வில் கண்ணாடிபோல் படியும். உப்பே இல்லாமல் சாயம் போடுகிறோம் என்று பெருமைப்படுகிறவர் சிலிகேட் இல்லாத காரத்துக்கு மாறவில்லை என்றால் நிலையத்துக்கு அவரால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம்.

ஆர்.ஓ.வுக்குப் பிறகுதான் செலவு ஏறுகிறது. ஒரு கிலோ லிட்டரை ஆர்.ஓ.வில் பிரிக்க ஒற்றை இலக்க யூனிட் மின்சாரம் போதும். அதே ஒரு கிலோ லிட்டர் கழிவை எவாப்பரேட்டரில் ஆவியாக்க, நீராவியைத் திரும்ப அமுக்கிப் பயன்படுத்தும் நல்ல இயந்திரத்துக்கே 20 முதல் 40 யூனிட் ஆகும். விறகு பாய்லரில் ஓடும் நான்கு கட்ட எவாப்பரேட்டர் என்றால் ஒரு டன் தண்ணீரை விரட்ட 300 கிலோ நீராவி, அதற்கு ஏறக்குறைய 100 கிலோ விறகு. ஆற்றைக் காப்பாற்ற மரத்தை எரிக்கிறோம் என்ற குத்தல் பேச்சு தொழிலுக்குள்ளேயே உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை.

உப்பில் ஏன் இரண்டே மதிப்பெண்

ஆவியாக்கி முடித்தால் மிஞ்சுவது உப்பு. பட்டறைகள் எல்லாம் கிளாபர் சால்ட் எனப்படும் சோடியம் சல்பேட் மட்டும் போட்டால், கழிவைக் குளிரவைத்தாலே பளிங்காகப் பிரிந்துவிடும்; சல்பேட்டின் கரைதிறன் 32 டிகிரிக்குக் கீழே சரசரவென்று இறங்கும் குணம் உடையது. அதை அள்ளித் திரும்பவும் சாயத்தொட்டியில் போடலாம். ஒருவர் மட்டும் விலை குறைவென்று சாதாரண உப்பைப் போட்டாலும் குளோரைடு கலந்துவிடும். கலந்த உப்பை யாரும் வாங்க மாட்டார்கள். போதாக்குறைக்குக் குளோரைடு எவாப்பரேட்டரின் துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். நிறமும் அங்ககக் கழிவும் ஒட்டிய இந்தக் கலப்பு உப்பைக் கொட்ட இடமில்லாமல் ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பது இந்தச் சேவையின் தீராத தலைவலி. ரசாயனச் சேறு சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போய்விடுகிறது. கலப்பு உப்புக்கு அந்த வழியும் சுலபமில்லை, குளோரைடு சிமென்டுக்கு ஆகாது.

கெட்டியான உப்புநீரை ஆவியாக்காமலேயே நிறம் நீக்கி, கடினத்தன்மை எடுத்து, அப்படியே பட்டறைக்குத் திருப்பித் தரும் பிரைன் முறை இருப்பதில் சிறந்தது. விறகும் மிச்சம், உப்பு வாங்கும் காசும் மிச்சம். வாங்கும் பட்டறை மூன்று விஷயத்தை லாட் போடுமுன் சோதிக்க வேண்டும். கடினத்தன்மை 50 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் சோடா ஆஷோடு சேர்ந்து சுண்ணாம்புப் பொடியாகத் துணியில் ஒட்டும். மிச்சக் காரம் இருந்தால் உப்புக் கட்டத்திலேயே சாயம் பிடித்துக்கொண்டு திட்டுத் திட்டாக வரும். அதனால் பிஹெச் 7ஐ ஒட்டி இருக்க வேண்டும். நிறம் நீக்கப் போட்ட குளோரின் துளி மிச்சமிருந்தாலும் ஷேடு வெளுக்கும், தயோசல்பேட் போட்டுக் கொன்றுவிட வேண்டும். கறுப்பு, நேவி, மெரூன் ஷேடுகளில் முதலில் பழகுவது நல்லது. வெளிர்நீலத்துக்குப் பிரைன் போட்டுவிட்டு ரீ-ப்ராசஸுக்கு அனுப்பினால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

பில்

சேவையின் மோசமான பகுதி இதுதான். இதில் போட்டிச் சட்டம், சுற்றுச்சூழல் இரண்டும் ஒரே முடிச்சில் மாட்டியிருக்கின்றன.

கணக்குக்கு லிட்டருக்கு 20 பைசா என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் நிலையத்துக்கு நிலையம், காலத்துக்குக் காலம் இது மாறும். சாயம் போடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் சாயக்குளியல். கறுப்புக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு, 20 கிராம் சோடா ஆஷ். சோடா ஆஷும் கரைந்து கழிவில்தான் சேரும் என்பதால் அதையும் உப்பாகவே கணக்கிட்டால், கிலோ துணிக்கு 480ம் 120ம் சேர்ந்து 600 கிராம். சோப்பிங்கும் அலசலும் அதிகம், மொத்தத் தண்ணீர் 60 லிட்டர். வெளிர்நிறத்துக்கு லிட்டருக்கு 20 கிராம் உப்பு, 10 கிராம் சோடா ஆஷ்; கிலோ துணிக்கு 180 கிராம், மொத்தத் தண்ணீர் 40 லிட்டர்.

லிட்டர் கணக்கில் கறுப்புக்கு 12 ரூபாய், வெளிர்நிறத்துக்கு 8 ரூபாய். ஒன்றரை மடங்கு வித்தியாசம். எவாப்பரேட்டருக்குப் போகும் சுமையைப் பாருங்கள். 60,000 டிடிஎஸ் வரை ஆர்.ஓ.வில் கெட்டியாக்கிய பிறகு கறுப்பு விட்டுச்செல்வது 10 லிட்டர், வெளிர்நிறம் 3 லிட்டர். மூன்று மடங்குக்கும் மேலே. விறகுக் கணக்கில் சொன்னால், நான்கு கட்ட எவாப்பரேட்டரை மட்டும் நம்பும் நிலையத்தில் ஒரு கிலோ கறுப்புத் துணிக்கு ஒரு கிலோ விறகு எரிகிறது, வெளிர்நிறத்துக்கு 300 கிராம். எல்லாரும் ஒரே மாதச் சந்தா கட்டும் மெஸ்ஸில் இரண்டு இட்லி சாப்பிடுகிறவர் பிரியாணிக்காரருக்கும் சேர்த்துக் கட்டுவது போன்ற ஏற்பாடு இது. குழந்தைகள் ஆடைக்கு வெளிர்நிறம் மட்டும் போடும் சின்னப் பட்டறை, மாதம் முழுக்கக் கறுப்பு ஓட்டும் பெரிய பட்டறையின் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறது. இருவரும் ஒரே சந்தையில் போட்டி போடுகிறவர்கள்.

சுற்றுச்சூழல் பக்கம் கெடுதல் இன்னும் நுணுக்கமானது. லிட்டருக்குத்தான் பில் என்றால் பட்டறைக்காரர் தண்ணீரைக் குறைப்பார். நல்லதுதானே என்று தோன்றும். கறுப்புக்கு 60 லிட்டரை 40 ஆக்கினால் அவர் பில் 12லிருந்து 8க்கு இறங்கும். உப்பு அதே 600 கிராம்தான். நிலையத்துக்கு எவாப்பரேட்டர் செலவு இம்மியும் குறையாது, வருமானம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு போகும். அடுத்த கூட்டத்தில் லிட்டர் விலை ஏறும். ஏற்றத்தை எல்லாரும் சுமப்பார்கள், தண்ணீரை ஏற்கெனவே சிக்கனமாகப் பிடிக்கும் வெளிர்நிறக்காரரும் சேர்த்து. உப்பைக் குறைத்தவருக்கோ பில்லில் ஒரு பைசா சலுகை கிடையாது. சாயம் அதிகம் பிடிக்கும் இரட்டைவினைச் சாயங்கள், உப்பில்லாச் சாயமுறைகள் எல்லாம் ஊரில் பேச்சாகவே நின்றுபோகப் பெரிய காரணம் இது.

திருத்துவது கடினமில்லை. செலவில் பாதியைத் தண்ணீரிலும் பாதியை உப்பிலும் வசூலிக்கலாம். மேலே சொன்ன இரண்டு ஷேடும் சம அளவில் வரும் நிலையத்தில், லிட்டருக்கு 10 பைசாவும் உப்பு கிலோவுக்கு 12 ரூபாய் 80 காசும் போட்டால் மொத்த வசூல் மாறாது. கறுப்பின் பில் 13.70 ஆகும், வெளிர்நிறம் 6.30 ஆகும். கறுப்பில் 80 கிராம் உப்பை 50 ஆகக் குறைக்க முடிந்தவருக்குக் கிலோவுக்கு 2.30 மிச்சம், உப்பு வாங்கும் காசு தனி. இந்த மிச்சம் கையில் வந்தால் விலை கூடின சாயத்தை வாங்கிப் பார்க்க ஆள் வரும்.

உப்பை அளக்க முடியாது என்பார்கள். பைப்பில் ஏற்கெனவே இருக்கும் ஃப்ளோ மீட்டருக்குப் பக்கத்தில் நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து உப்பைச் சொல்லும் ஒரு கண்டக்டிவிட்டி மீட்டர் போதும். 10,000 டிடிஎஸ் நீர் 14, 15 மில்லிசீமென்ஸ் காட்டும். தவறு வரும் இடங்கள் தெரிந்தவையே: சூட்டில் அளவு கூடிக் காட்டும், எனவே வெப்பத்திருத்தம் உள்ள மீட்டர் வேண்டும், மின்முனையில் பஞ்சு சுற்றினால் குறைத்துக் காட்டும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், காரம் மிகுந்த நீர் இருக்கும் உப்பைவிட அதிகம் காட்டும், எனவே காரத்தைத் தணித்த பிறகு அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை 12.88 மில்லிசீமென்ஸ் நியமக் கரைசலில் உறுப்பினர் முன்னிலையில் சரிபார்த்தால் சண்டை வராது. சில நிலையங்களில் டிடிஎஸ் வரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் என்று விதி இருக்கும். அது பாதிக் கிணறுதான். வரம்புக்குள் இருக்கும்வரை உப்பைக் குறைக்க அதில் தூண்டுதல் இல்லை, தாண்டினால் பச்சைத் தண்ணீரைக் கலந்து தப்பிக்கலாம்.

இது நடக்காமலிருக்க ஒரு காரணத்தை நிர்வாக அமைப்பிலேயே பார்க்கலாம். விலையைத் தீர்மானிக்கும் குழுவில் இருப்பவர்களும் உறுப்பினர்கள்தான். டார்க் ஷேடு அதிகம் போடுகிறவருக்கு லிட்டர் கணக்கே லாபம். பைப்பை வேறு நிலையத்துக்கு மாற்ற முடியாத சின்ன உறுப்பினருக்குப் பேரம் பேச வழியில்லை.

கூட்டத்தில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது

போட்டியாளர்கள் சேர்ந்து உட்காரும் எந்த மேசையும் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் பார்வையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். சேர்ந்து ஆலை கட்டுவது, எல்லாரும் கிளாபர் சால்ட்தான் போட வேண்டும் என்று விதி வகுப்பது, செலவைப் பிரித்துக்கொள்வது எல்லாம் சரி. திறனைக் கூட்டும் கூட்டு முயற்சிக்குச் சட்டமே இடம் விடுகிறது. சுத்திகரிப்புக் கட்டணம் ஏறிவிட்டது, எனவே ஒன்றாம் தேதி முதல் டையிங் ரேட் கிலோவுக்கு இத்தனை ரூபாய் கூடுதல் என்று அதே மேசையில் முடிவெடுத்துச் சுற்றறிக்கை விட்டால், 3ஆம் பிரிவின்படி அது விலை ஒப்பந்தம். செலவு நியாயமானது, நோக்கம் ஆற்றைக் காப்பது என்ற வாதமெல்லாம் பிறகு சொல்லிப் பார்க்கலாம். போட்டிக்குக் கேடு என்ற அனுமானத்திலிருந்துதான் விசாரணை தொடங்கும். அபராதம் ஒப்பந்தம் நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம்.

சரியான வழி சாதாரணமானது. நிலையம் தன் கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்கட்டும். ஒவ்வொரு பட்டறையும் ஜாப் ஒர்க் பில்லில் சாயக்கூலி தனி, சுத்திகரிப்பு தனி என்று இரண்டு வரியாகப் போடட்டும். எவ்வளவு என்பதை அவரவரே தீர்மானிக்கட்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, தினசரி ஃப்ளோ மீட்டர் அளவு. பக்கத்துப் பட்டறை நேற்று எத்தனை கிலோ லிட்டர் விட்டது என்று தெரிந்தால், கிலோ துணிக்கு 50 லிட்டர் என்று வகுத்து அவர் உற்பத்தியை எந்த மேஸ்திரியும் சொல்லிவிடுவார். யாருக்கு ஆர்டர் இருக்கிறது, யார் மெஷின் சும்மா கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். உறுப்பினர்வாரி அளவுகள் நிலைய மேலாளருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தெரிந்தால் போதும். இயக்குநர்களுக்கு மொத்தக் கணக்கு மட்டும் போக வேண்டும்.

வெளியூர்ப் போட்டி

உள்ளூர்க் கணக்கு இவ்வளவும் சரியானாலும் ஒரு ஓட்டை மிச்சமிருக்கும்: உப்பை மீட்கும் செலவு போட்டி ஊர்கள் எல்லாவற்றுக்கும் இல்லை. லூதியானாவில் சாயப்பட்டறைகளுக்கென்று 15, 40, 50 எம்.எல்.டி. (நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் ஒரு எம்.எல்.டி.) கொள்ளளவில் மூன்று பொது நிலையங்கள் கட்டினார்கள். அவை சுத்திகரித்து வெளியே விடும் வகை, உப்பை மீட்கும் வகை அல்ல. அந்த ஊர் ஓடையான புத்தா நாலாவில் அதனால் எழுந்த வழக்கும் போராட்டமும் ஓய்ந்தபாடில்லை. மத்திய அரசு 2015ல் நாளொன்றுக்கு 25 கிலோ லிட்டருக்கு மேல் கழிவுநீர் விடும் ஜவுளி ஆலை எல்லாவற்றுக்கும் சொட்டுநீரும் வெளியேறாத முறையைக் கட்டாயமாக்க வரைவு போட்டது. 2016 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த நாடு தழுவிய கட்டாயம் இல்லை. பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளுக்கு மட்டும் மாநில வாரியங்கள் விதிக்கலாம் என்று முடிந்தது. நாட்டுக்கு வெளியேயும் போட்டி உண்டு: பங்களாதேஷ் துணி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2001 முதலே சுங்க வரியில்லாமல் போகிறது.

எல்லா ஊருக்கும் ஒரே விதி என்ற கோரிக்கையை அப்படியே ஏற்கத் தேவையில்லை என்பது நம் கருத்து. கடலோர ஆலை, நிறமும் நச்சும் நீக்கிய உப்புநீரை முறையான குழாயில் ஆழ்கடலுக்கு விட்டால் கடலுக்கு உப்பால் கெடுதி இல்லை. அதை விறகெரித்து ஆவியாக்கச் சொல்வது வீண். உள்நாட்டில், கிணற்றையும் வயலையும் நம்பிய ஊர்களில் லூதியானாவானாலும் திருப்பூரானாலும் உப்பு விதி ஒன்றாகவே இருக்க வேண்டும். இன்று இருப்பது வழக்குப் போட்ட விவசாயிகள் உள்ள ஊருக்கு ஒரு விதி, மற்ற ஊருக்கு இன்னொரு விதி.

ஊருக்குள்ளேயே இதைவிட அசிங்கமான போட்டி ஒன்று உண்டு. அனுமதியில்லாமல் குடோனில் இரண்டு மெஷின் வைத்து, இரவில் ஓடையில் திறந்துவிடுகிறவர். கிலோவுக்கு 12 ரூபாய் அவருக்கு லாபம். பொத்தான், ஜிப், சின்ன லாட் என்று அவரிடம் போகும் வேலை எல்லாம், ஒழுங்காகப் பணம் கட்டும் பட்டறையிலிருந்து பறிபோன வேலை. மீட்டர், கேமரா, இணையக் கண்காணிப்பு எல்லாம் அனுமதி வாங்கியவரைத்தான் பார்க்கின்றன.

இத்தனைக்கும் டி-ஷர்ட் ஒன்றுக்கு இந்தச் செலவு எவ்வளவு? ஒரு கிலோ துணியில் ஐந்து டி-ஷர்ட் என்றால் கறுப்புக்கு 2.40, வெளிர்நிறத்துக்கு 1.60. ஐரோப்பியக் கடையில் விற்கும் விலைக்கு முன்னால் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஆர்டர் பேசும்போது ஐந்து ரூபாய்க்கு ஊர் மாறும் பிராண்டுகளிடம் இரண்டு ரூபாயைத் தனியாகக் கேட்கத் திருப்பூரில் யாருக்கும் தெம்பில்லை. ஐரோப்பிய ஆணையம் 2023ல் திருத்திய வழிகாட்டுதலில் நிலைத்தன்மை ஒப்பந்தங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பிராண்டுகள் பல சேர்ந்து, உப்பை மீட்கும் ஆலைகளிடம் மட்டுமே வாங்குவோம் என்று வெளிப்படையாக, விருப்பப்பட்டவர் சேரும்படி ஒரு தரம் வகுத்தால் போட்டிச் சட்டம் குறுக்கே வராத வழி அதில் உண்டு. போட்டிச் சட்டத்துக்குப் பயந்துதான் சேரவில்லை என்ற சாக்கை இனி அவர்கள் சொல்ல முடியாது.

சேரலாமா, துணி கொடுக்கலாமா

நாளொன்றுக்குச் சில நூறு கிலோ லிட்டர் தாண்டும் பெரிய பட்டறை, தனக்கென்று தனி நிலையம் வைப்பதே மேல். என்ன உப்பு, என்ன சாஃப்ட்னர் என்பது தன் கையில் இருக்கும், மீட்கும் உப்பு சுத்தமாக வரும். அதற்குக் கீழே உள்ளவருக்குப் பொது நிலையத்தை விட்டால் கதியில்லை. எவாப்பரேட்டரைச் சின்ன அளவில் ஓட்டினால் லிட்டர் செலவு தாங்காது.

பங்கு வாங்குமுன் நிலையத்தில் கேட்க வேண்டியவை: கடந்த ஓராண்டு மாதவாரி லிட்டர் கட்டணம், சவ்வு கடைசியாக எப்போது மாற்றினார்கள், பிரைன் திருப்பித் தருகிறார்களா, குளோரைடு போடும் உறுப்பினர் யாராவது இருக்கிறாரா, கடன் பாக்கி எவ்வளவு. கலப்பு உப்பு ஷெட்டை ஐப்பசி மழையின்போது போய்ப் பார்ப்பது நல்லது. தரையில் வெள்ளைப் பூத்திருந்தால், மூட்டையடியில் நீர் கசிந்தால், ஒருநாள் வாரியம் பூட்டுப் போடும். அன்றைக்குப் பைப் இணைந்த அத்தனை பட்டறையும் நிற்கும்.

துணி கொடுக்கும் ஏற்றுமதியாளர் சான்றிதழைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். முதலில் தண்ணீர்க் கணக்கு: வாரியம் கொடுத்த அனுமதியில் நாளொன்றுக்கு 50 கிலோ லிட்டர் என்றிருந்தால் அந்தப் பட்டறை ஒரு டன் சுமாருக்கு மேல் போட முடியாது. இரண்டு டன் போட்டுத் தருகிறேன் என்றால் மிச்சம் எங்கே போகிறது என்று கேளுங்கள். பிறகு உப்புக் கணக்கு. மாதம் 60 டன் டார்க் ஷேடு போட்டதாகச் சொல்லும் பட்டறையில் 29 டன் உப்பு எங்காவது தெரிந்தாக வேண்டும், கொள்முதல் ரசீதிலோ நிலையம் திருப்பித் தந்த பிரைன் கணக்கிலோ. இரண்டையும் கூட்டிப் பத்து டன்தான் வருகிறது என்றால், குறைந்த உப்பில் சாயம் போடும் முறை அங்கே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அந்தத் துணிக்கு வேறெங்கோ சாயம் ஏறியிருக்கிறது.